ஷிமோனோசெக்கிக்குப் போகும் முன்: கிழமை, விசா, நிலையப் பெயர்கள், செலவு

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷூவின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுக நகரம் ஷிமோனோசெக்கி. எதிர்க்கரை கியூஷூ தீவு. நடுவில் கன்மோன் நீரிணை. மிகக் குறுகலான இடத்தில் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பெரிய சரக்குக் கப்பல்கள் கைக்கெட்டும் தூரத்தில் போவது போல இருக்கும். டோக்கியோ, கியோட்டோ, ஒசாக்கா பற்றித் தமிழில் எவ்வளவோ கிடைக்கிறது. இந்த ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகத் தேடி, மொழிபெயர்ப்புச் செயலியோடு மல்லுக்கட்டி, கவுன்ட்டர் கவுன்ட்டராகக் கேட்டுத்தான் ஏற்பாடுகளை முடித்தேன். அடுத்து போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன். இரண்டு இரவு தங்கினால் போதும், நன்றாகப் பார்த்துவிடலாம்.

1. முதலில் கிழமை, அப்புறம் தேதி

பெரும்பாலானவர்கள் மலிவான விமான டிக்கெட் கிடைக்கும் தேதியை எடுத்துவிட்டு, பிறகு ஊர்களை அதற்குள் அடுக்குவார்கள். இந்த ஊருக்கு அப்படிச் செய்யாதீர்கள். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கராத்தோ மீன் சந்தைக்காக வருகிறார்கள். அந்தச் சந்தை மற்ற நாட்களிலும் நடக்கும். ஆனால் கடைக்காரர்கள் வரிசையாகத் தட்டுகளை அடுக்கி, ஒவ்வொரு துண்டாக சுஷி விற்கும் திருவிழா போன்ற காட்சி வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும்தான். வெள்ளியும் சனியும் காலை 10 மணியிலிருந்து மாலை 3 வரை. ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 8 மணிக்கே தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை போய் நின்றால் மீன் இருக்கும், நீங்கள் படத்தில் பார்த்தது இருக்காது.

அதனால் வியாழன் இரவு போய்ச் சேர்ந்து சனி காலை கிளம்புவது எனக்குப் பிடித்த கணக்கு. வெள்ளியன்று சனி, ஞாயிறு அளவுக்குக் கூட்டம் இல்லை, அறை வாடகையும் சனி இரவைவிடக் குறைவு.

தவிர்க்க வேண்டிய தேதிகள் இரண்டு. ஆகஸ்ட் 13 அன்று நீரிணையின் இரு கரைகளிலும் வாணவேடிக்கை நடக்கும். அன்றைக்கு அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும், மிச்சம் இருப்பவையும் விலை ஏறிக் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பான் முழுக்கத் தொடர் விடுமுறை; அதற்குள்ளேயே மே 2 முதல் 4 வரை இந்த ஊர் அகாமா கோயில் திருவிழாவும் வருகிறது. திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் வரலாம். படகும் நிற்கும், ரயிலும் நிற்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடற்காற்று முகத்தில் அறையும், ஆனால் இந்த ஊரின் பெயர்போன ஃபுகு என்ற விஷ மீனுக்கு அதுதான் பருவம். குளிர் தாங்குவீர்கள் என்றால் பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள்.

2. விசா: சீக்கிரம் விண்ணப்பித்தாலும் சிக்கல்

இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்குமே விசா வேண்டும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களும் மின்னணுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மலேசியர்களும் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே போகலாம். அவர்கள் அடுத்த படிக்குத் தாவிவிடலாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் விசா விண்ணப்ப மையத்தில் தாள்களைக் கொடுக்க வேண்டும். சென்னையிலேயே மையம் உண்டு. கையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு, நிரப்பிய விண்ணப்பம், புகைப்படம், போக வர விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலையில் இருப்பவர்களுக்கு அலுவலகக் கடிதம், கூடவே நாள்வாரியான பயணத் திட்டம்.

அந்தப் பயணத் திட்டத்தில் கவனம் வையுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எங்கே இருப்பீர்கள், எந்த விடுதி, அதன் முகவரி, தொலைபேசி எண் என்று எழுத வேண்டும். ஷிமோனோசெக்கி போகிற நாளுக்கு அந்த ஊர் விடுதியையே எழுதுங்கள். தெரிந்த ஊர்தானே என்று எல்லா நாளுக்கும் டோக்கியோ என்று எழுதிவிட்டு ஃபுகுவோக்காவில் இறங்கும் விமான டிக்கெட்டைக் காட்டினால் கேள்வி வரும். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாக எடுத்துக்கொண்டால், பிறகு மாற்றினாலும் பண நஷ்டம் இல்லை.

ஒருமுறை நுழைவு விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் ஜப்பானில் கால் வைத்துவிட வேண்டும். அதனால் ஐந்து மாதம் முன்பே வாங்கி வைக்கிற வேலை நடக்காது. பரிசீலனைக்குக் குறைந்தது ஐந்து வேலை நாட்கள். செர்ரிப் பூக்காலத்துக்கு முன்பும் கோடை விடுமுறைக்கு முன்பும் இன்னும் இழுக்கும். பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போது கொடுப்பதே பாதுகாப்பு.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் படித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா மின்னணு முறையில் வருகிறது; கடவுச்சீட்டில் ஒட்ட மாட்டார்கள். விமான நிலையத்தில் கைப்பேசியை இணையத்தோடு இணைத்து, விசா வழங்கல் அறிவிப்பை அந்த நேரத்திலேயே திறந்து காட்ட வேண்டும். திரைப்பிடிப்போ அச்செடுத்த தாளோ செல்லாது. அப்பா அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவர்கள் விசாவும் உங்கள் கைப்பேசியில் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பேட்டரி, சார்ஜர், வெளிநாட்டில் வேலை செய்யும் சிம் மூன்றும் அன்றைக்குக் கடவுச்சீட்டுக்குச் சமம்.

குடியேற்றம், சுங்கம் இரண்டுக்குமான விவரங்களை விசிட் ஜப்பான் வெப் என்ற அரசு இணையதளத்தில் முன்கூட்டியே நிரப்பி க்யூஆர் குறியீட்டை எடுத்துவைத்தால் வரிசையில் நேரம் மிச்சமாகும்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது என்பதும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி போன்றவை தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு மாத அளவுக்கு மேல் போனால் முன்அனுமதி வாங்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை நம் ஊரில் சாதாரணமாகப் புழங்குகிறவை. அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. அட்டையைத் திருப்பிப் படித்து எடுத்து வெளியே வையுங்கள்.

3. எங்கே இறங்குவது

இந்த ஊருக்கு மட்டும் வருகிறவர்கள், அல்லது கியூஷூவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், ஃபுகுவோக்கா விமான நிலையத்தில் இறங்குங்கள். சிங்கப்பூர், பாங்காக் வழியாக வர விமானங்கள் இருக்கின்றன. டோக்கியோவில் இறங்கினால் அங்கிருந்து எதிர்க்கரையில் இருக்கும் கொக்குராவுக்கு நொசோமி என்ற அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வழிக்கே 20,000 யென்னுக்கு மேல். ஒசாக்காவிலிருந்து இரண்டேகால் மணி நேரம் அளவில் ஆகும். டோக்கியோவிலிருந்துதான் வர வேண்டும் என்றால் அங்குள்ள ஹனேடா விமான நிலையத்திலிருந்து கித்தாக்கியூஷூ விமான நிலையத்துக்குப் பறந்து, அங்கிருந்து பேருந்தில் கொக்குரா வருவது நல்ல வழி.

சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில் பாஸான ஜேஆர் பாஸை யோசிக்காமல் வாங்காதீர்கள். நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறியது. அதை வைத்துக்கொண்டும் நொசோமி ரயிலில் ஏறக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். கியூஷூ பாஸ் வாங்கியவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது: ஃபுகுவோக்கா நகரின் முக்கிய நிலையமான ஹக்காத்தாவுக்கும் கொக்குராவுக்கும் இடையே ஓடும் ஷின்கான்சென் (அதிவேக ரயில்) வேறு நிறுவனத்தின் பாதை, அந்தப் பாஸ் அதில் செல்லாது. சாதாரண விரைவு ரயிலில்தான் போக வேண்டும்.

ஃபுகுவோக்காவில் பன்னாட்டு முனையமும் மெட்ரோ நிலையமும் ஒரே கட்டடத்தில் இல்லை. மெட்ரோ உள்நாட்டு முனையத்தில் இருக்கிறது. வெளியே வந்ததும் இலவச இணைப்புப் பேருந்து நிற்கும், அதில் ஏறுங்கள். உள்நாட்டு முனையத்திலிருந்து ஹக்காத்தா நிலையம் மெட்ரோவில் ஐந்தே நிமிடம். அங்கிருந்து கொக்குரா ஷின்கான்செனில் கால் மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டிக்கு 2,000 யென்னுக்குக் கொஞ்சம் மேல். சாதாரண ரயிலில் விலை குறையும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒசாக்கா பக்கமிருந்து பெரிய பெட்டியோடு வருகிறவர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஷின்கான்செனில் அதற்கென்று இடம் உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள்.

4. ஒரே மாதிரி ஒலிக்கும் நான்கு நிலையங்கள்

ஷிமோனோசெக்கி வேறு, ஷின்-ஷிமோனோசெக்கி வேறு. ஷின்கான்சென் நிற்பது ஷின்-ஷிமோனோசெக்கியில். அது ஊருக்கு வெளியே, சுற்றிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அங்கிருந்து சாதாரண ரயிலில் இரண்டாவது நிறுத்தம்தான் உண்மையான ஊர். அதோடு, நொசோமி அங்கே நிற்பதே இல்லை. கொடாமாவும் வேறு சில வண்டிகளும்தான் நிற்கும். அதனால் கொக்குராவில் இறங்கிவிடுங்கள். அங்கே எல்லா ஷின்கான்செனும் நிற்கும். கொக்குராவிலிருந்து ஷிமோனோசெக்கிக்குக் கடலுக்கடிச் சுரங்கம் வழியாகச் சாதாரண ரயிலில் கால் மணி நேரம், 300 யென்னுக்குச் சற்று மேல்.

எதிர்க்கரையில் மோஜி வேறு, மோஜிக்கோ வேறு. பழைய கட்டடங்களும் கடற்கரை நடைபாதையும் இருப்பது மோஜிக்கோவில். மோஜி என்பது ரயில் பிரியும் சந்திப்பு. ஷிமோனோசெக்கியிலிருந்து ரயிலில் போனால் மோஜியில் இறங்கி, மோஜிக்கோ ரயிலுக்கு மாறி, இரண்டு நிறுத்தம் போக வேண்டும். பெயரைப் பாதி கேட்டுவிட்டு மோஜியில் வெளியேறி, பழைய நகரம் எங்கே என்று தேடுகிறவர்களை அங்கே பார்க்கலாம்.

ஐசி அட்டை (பணம் ஏற்றி, நிலையக் கதவில் தட்டிப் போகும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொக்குராவுக்கும் ஷிமோனோசெக்கிக்கும் இடையே அட்டையைத் தட்டிப் போகலாம். ஷிமோனோசெக்கிக்கு அப்பால் ஜேஆர் வெஸ்ட் என்ற வேறொரு ரயில் நிறுவனத்தின் எல்லை தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் பகுதியில் தட்டி உள்ளே போய் இன்னொன்றின் பகுதியில் வெளியேற முடியாது, கதவு மூடிக்கொள்ளும். எல்லையைத் தாண்டும் நாளில் தாள் டிக்கெட் வாங்குங்கள்.

5. பணமும் பேருந்தும்

100 யென் என்றால் 55 முதல் 60 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சந்தையிலும் நகரப் பேருந்திலும் ரொக்கம்தான் தொல்லை இல்லாதது. செவன்-லெவன் கடை ஏடிஎம்களிலும் அஞ்சலக வங்கி ஏடிஎம்களிலும் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். ஆனால் இந்திய அட்டைகளில் பன்னாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, ஏடிஎம் வரம்பையும் ஏற்றிவிட்டு விமானம் ஏறுங்கள். இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி அங்கே கிடைக்காமல் போகலாம்.

பேருந்தில் பின்கதவால் ஏறுங்கள். ஏறும்போது எண் போட்ட சிறு சீட்டு வரும், எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் பலகையில் உங்கள் எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது முன்கதவில் சீட்டையும் சரியான சில்லறையையும் பெட்டியில் போட வேண்டும். ஓட்டுநர் பாக்கி தர மாட்டார். அருகில் உள்ள இயந்திரம் 1,000 யென் தாளை மட்டும் சில்லறையாக்கும். 10,000 யென் தாளை நீட்டினால் பேருந்தே உங்களுக்காகக் காத்து நிற்கும். காலையில் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை ஆக்கிக்கொள்ளுங்கள்.

6. எங்கே தங்குவது

ஷிமோனோசெக்கி நிலையத்தைச் சுற்றியே தங்குங்கள். கராத்தோ பக்கம் கடலைப் பார்த்த அறைகள் அழகுதான், ஆனால் மாலை ஆனதும் அந்தப் பக்கம் கடைகள் மூடிவிடும், ரயிலும் இல்லை. நிலையத்தருகே வணிக விடுதிகளில் ஒருவர் அறை 7,000 முதல் 12,000 யென் வரை. சனி இரவு ஏறும். கொக்குராவில் தேர்வு அதிகம், சாப்பாட்டுக் கடையும் அதிகம்; அங்கே தங்கிப் பகலில் வந்து போகலாம். கொக்குரா இருக்கும் கித்தாக்கியூஷூ நகரில் தலைக்கு ஓர் இரவுக்கு 200 யென் தங்கும் வரி உண்டு. முன்பதிவு விலையில் சேராமல் கவுன்ட்டரில் கேட்கலாம்.

விடுதியில் கடவுச்சீட்டை நகலெடுப்பார்கள், அது சட்டம். வெளியே போகும்போதும் அசல் கடவுச்சீட்டு உங்களிடமே இருக்க வேண்டும், நகல் போதாது.

7. ஒரு நாளில் இரு கரையும்

இதைத்தான் நான் ஆசையோடு எழுத உட்கார்ந்தேன். கடலுக்கு அடியில் நடந்து ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போய், படகில் திரும்பி வரும் சுற்று இது. மொத்தப் போக்குவரத்துச் செலவு 1,000 யென்னுக்குள் அடங்கும்.

காலை 9:30க்கு ஷிமோனோசெக்கி நிலையத்திலிருந்து பேருந்தில் கராத்தோவுக்கு வாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. வெள்ளி, சனியானால் 10 மணிக்குச் சந்தை வாசலில் இருங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் எல்லா வகையும் இருக்கும். மதியம் ஒரு மணிக்குப் போனால் நல்லவை தீர்ந்திருக்கும், வரிசை மட்டும் மிச்சம் இருக்கும். காலித் தட்டை எடுத்து வேண்டியதை அடுக்கிப் பணம் கொடுப்பதுதான் முறை. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகப் பணம். 1,500 முதல் 2,500 யென்னில் வயிறு நிறையும். ஃபுகு விஷ மீன்தான், ஆனால் அதை அறுக்க உரிமம் பெற்றவர்கள்தான் அறுக்கிறார்கள். மெல்லிய சீவலாகவும் சூப்பாகவும் பொரித்தும் சிறு அளவில் விற்பார்கள். உணவகத்தில் முழு ஃபுகு விருந்து 10,000 யென்னைச் சுலபமாகத் தொடும், முன்பதிவும் வேண்டும். ருசி பார்க்கச் சந்தையே போதும்.

வாங்கியதை வெளியே கடலோரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். தலைக்கு மேலே பருந்து சுற்றும். நேராக இறங்கிக் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். குழந்தைகள் கையில் தட்டைக் கொடுத்துத் தனியாக உட்காரவைக்காதீர்கள்.

அங்கிருந்து கடலோரமாகக் கிழக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் அகாமா கோயில். சிவப்பும் வெள்ளையுமான வாயிலிலிருந்து திரும்பிப் பார்த்தால் நீரிணை தெரியும். அனுமதி இலவசம். இன்னும் ஒரு கால் மணி நேரம் நடந்தால் மிமோசுசோகவா. பாலத்துக்குக் கீழே சிறு பூங்கா. நீரோட்டத்தைப் பார்க்க இதுதான் இடம். கன்மோன் நீரிணையில் ஓட்டம் ஒரு நாளைக்கு நான்கு முறை திசை மாறும். வேகமான நேரத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வரை போகும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வேகம் கூடும். கப்பல்களுக்காகக் கரையில் வைத்திருக்கும் மின்பலகையில் திசையும் வேகமும் மாறி மாறித் தெரியும். கடலோரக் காவல்படையின் தளத்தில் அன்றைய உச்ச நேரத்தை முந்தின இரவே பார்த்துக்கொண்டு, அந்த நேரத்தில் இங்கே நிற்கும்படி நடையைத் திட்டமிடுங்கள். எதிர்நீச்சல் போடும் சரக்குக் கப்பல் நகராமல் நிற்பது போலவே இருக்கும்.

மேலே தெரியும் பெரிய பாலத்தில் நடக்க அனுமதி இல்லை. பூங்காவுக்கு எதிரிலேயே நடைபாதைச் சுரங்கத்தின் நுழைவாயில். மின்தூக்கியில் இறங்கி 780 மீட்டர் நடக்க வேண்டும். காலை 6 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். நடப்பவர்களுக்குக் காசு இல்லை. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் 20 யென். நடுவே தரையில் மாநில எல்லைக் கோடு இருக்கும். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் சிரமமில்லாமல் போகும். வயதானவர்களை அழைத்துப் போக யோசிக்கவே வேண்டாம்.

மறுகரையில் மேலே வந்தால் கடலை ஒட்டி மெக்காரி கோயில். மோஜிக்கோ அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், அரை மணி நேர நடை. நிழல் குறைவு, கோடையில் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதிகளில், குளிர்காலம் தவிர, ஒரு குட்டிச் சுற்றுலா ரயிலும் ஓடும். மோஜிக்கோவில் 1914இல் கட்டிய மர ரயில் நிலையம் இன்றும் நிலையமாகவே இயங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு வந்தால் கராத்தோவுக்கு ஐந்தே நிமிடம், 400 யென் அளவில் கட்டணம். போய்ச் சேர்ந்ததும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு நிற்கும். அப்போது மோஜி வழியாக ரயிலில் திரும்பலாம்.

8. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

வெளிப்படையாகச் சொல்கிறேன், இந்த ஊர் உங்களுக்குக் கஷ்டம். மீன் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் மீன் இருக்கும். சூப்பு, நூடுல்ஸ் குழம்பு, காய்கறி வேக வைத்தது எல்லாவற்றிலும் மீன் சாறுதான் அடிப்படை. கூரை ஓட்டின் மேல் சூடாக வரும் தேயிலை நூடுல்ஸ் இந்த மாவட்டத்தின் சிறப்பு உணவு. மேலே மாட்டிறைச்சி வரும், தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் மீன் உண்டு. மோஜிக்கோவில் மசாலாக் குழம்பு ஊற்றிச் சுட்டுத் தரும் சோற்றைப் பார்த்ததும் நம் குழம்பு என்று ஆவலோடு உட்காராதீர்கள். அந்த மசாலாவிலேயே பெரும்பாலும் இறைச்சிக் கொழுப்பு இருக்கும்.

நடைமுறை வழி இதுதான். கடைகளில் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் சூடாகும் வெறும் சோறு டப்பா கிடைக்கும். வீட்டிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டு போங்கள். தயிர், வாழைப்பழம், உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை எந்தக் கடையிலும் இருக்கும். ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிட வேண்டும் என்றால் கொக்குராவுக்குப் போங்கள். இந்திய, நேபாள உணவகங்கள் இருக்கின்றன. இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். "வெஜிடேரியன்" என்று சொன்னால் மீன் சாறு போட்டதையும் நல்ல மனதோடு கொண்டுவந்து வைப்பார்கள்.

9. பூசான் கப்பலைப் பார்த்து மயங்காதீர்கள்

ஷிமோனோசெக்கி நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பன்னாட்டுப் படகு முனையம். மாலையில் ஏறினால் காலையில் கொரியாவின் பூசானில் இறங்கலாம். விமானத்தைவிட இனிமையான பயணம்தான். ஆனால் ஒருமுறை நுழைவு விசாவோடு அந்தக் கப்பலில் ஏறியதுமே உங்கள் ஜப்பான் விசா முடிந்துவிடும். ஊர் திரும்பும் விமானம் ஃபுகுவோக்காவிலிருந்து என்றால் மறுபடி உள்ளே வர வழியில்லை. இந்தியர்களுக்குக் கொரிய விசாவும் தனியாக வேண்டும். ஆசை இருந்தால் முதலிலேயே கொரிய விசா வாங்கி, திரும்பும் டிக்கெட்டைப் பூசான் அல்லது சியோலிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

10. கிளம்பும் நாள்

ஷிமோனோசெக்கி நிலையத்திலிருந்து ஃபுகுவோக்கா பன்னாட்டு முனையம் வரை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கொக்குராவில் ஒரு மாற்றம், ஹக்காத்தாவில் மெட்ரோ, அப்புறம் அந்த இணைப்புப் பேருந்து. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே சேர வேண்டும் என்றால் ஐந்து மணி நேரம் முன்பு அறையைக் காலி செய்யுங்கள். மதியத்துக்கு முன் விமானம் இருந்தால் கடைசி இரவை ஹக்காத்தாவில் வைத்துக்கொள்வதே நல்லது. அறையைக் காலி செய்துவிட்டு ஊரில் கொஞ்ச நேரம் சுற்றுவதானால் பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். நிலையத்தில் நாணய லாக்கரும் உண்டு. பெரிய பெட்டிக்கான லாக்கர்கள் வார இறுதியில் காலை 11 மணிக்கெல்லாம் நிறைந்துவிடும்.